வீட்டில் கலக்கும் கால்சியம், காரக் கரைசல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருப்பவர்கள் கால்சியக் கரைசலையும் காரக் கரைசலையும் வீட்டிலேயே கலக்கத் தொடங்கினால் சந்திக்கும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். என் தொட்டியிலும் நண்பர்களின் தொட்டிகளிலும் இவற்றைச் சரிசெய்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு: பெரும்பாலும் பழுது தொட்டிக்குள் இருப்பதில்லை. தராசில் இருக்கும், பொடியின் வகையில் இருக்கும், புட்டியில் இருக்கும், இல்லையென்றால் சோதனைக் கிட்டில் இருக்கும். எனவே எந்த அறிகுறி தென்பட்டாலும் தினசரி அளவைக் கூட்டிக் குறைக்கும் முன் புட்டியைச் சோதியுங்கள்.

கீழே வரும் எண்கள் எல்லாம் இந்தக் கலவைகளுக்குப் பொருந்துபவை. ஆர்ஓ நீரில், மொத்தம் 1 லிட்டர் வரும்படி:

அடர் கலவை: 160 கிராம் சமையல் சோடாவை ஓவனில் சுட்டு, சோடியம் கார்பனேட்டாக்கிக் கரைத்தது ஒரு புட்டி. 140 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கரைத்தது இன்னொரு புட்டி.

இளங்கலவை: சுடாத சமையல் சோடா 80 கிராம் ஒரு புட்டி, கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 70 கிராம் இன்னொரு புட்டி.

இரண்டிலும் புட்டிக்குப் புட்டி சம அளவு ஊற்றினால் பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் விகிதத்திலேயே சேரும். 100 லிட்டர் நீரில் காரத்தன்மையை 1 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) உயர்த்த அடர் கலவையில் சுமார் 19 மி.லி. போதும். அதே அளவு கால்சியக் கரைசல் கால்சியத்தைச் சுமார் 7 பிபிஎம் (லிட்டருக்கு மி.கி.) உயர்த்தும்.

கலக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், கையுறை போடுங்கள். கால்சியம் குளோரைடு கரையும்போது நீர் சூடாவது இயல்பு, பயப்பட வேண்டாம். முக்கால் லிட்டர் நீரை முதலில் எடுத்து அதில் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஆறிய பிறகு 1 லிட்டருக்கு நிரப்புங்கள். பொடியின் மேல் நீரை ஊற்றக் கூடாது.

## கால்சியக் கரைசல் கலங்கலாக இருக்கிறது

ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்து அடியில் மெல்லிய வெண்படலம் மட்டும் இருந்தால், அது பொடியில் இயல்பாக இருக்கும் சிறிதளவு சுண்ணாம்பு. தெளிவை மட்டும் வேறு புட்டிக்கு மாற்றிப் பயன்படுத்தலாம். வலிமையில் ஒன்றும் குறையாது.

தெளியவில்லை, அல்லது வண்டல் கனமாக இருக்கிறது என்றால், வண்டலில் ஒரு தேக்கரண்டி எடுத்து அதன் மேல் வினிகர் விடுங்கள்.

நுரைத்துக் கரைகிறது என்றால் அது கால்சியம் கார்பனேட். காரக் கரைசல் இருந்த புட்டியைக் கழுவாமல் பயன்படுத்தியிருப்பீர்கள், அல்லது அதே கரண்டியால் கலக்கியிருப்பீர்கள், அல்லது குழாய் நீரில் கலந்திருப்பீர்கள். ஆர்ஓ நீரில் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். புட்டி, கரண்டி, புனல், அளவுக்குவளை என்று எல்லாவற்றையும் இரண்டு தொகுதியாகப் பிரித்து, இரு வேறு நிறத்தில் குறியிடுவது நல்லது.

வினிகரில் கரையாமல் அப்படியே கிடக்கிறது என்றால், கால்சியத்தோடு எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) சேர்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சேர்த்திருந்தால் அது ஜிப்சம். எப்சம் உப்பில் உள்ள சல்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிட்டது. அந்தக் கரைசலைக் காப்பாற்ற முடியாது, கொட்டிவிடுங்கள். மெக்னீசியத்துக்கு எப்போதும் மூன்றாவது புட்டி.

பழுப்பு நிறம், எண்ணெய்ப் படலம், வாசனை இவற்றில் ஏதாவது இருந்தால் சோதனையே தேவையில்லை. பனி உருக்கவும் தூசி அடக்கவும் விற்கப்படும் தரத்தில் என்ன கலந்திருக்கும் என்று உறையில் எழுதியிருக்காது. உணவுத் தரப் பொடிக்கு மாறுங்கள். அந்தக் கரைசலை ஏற்கெனவே பல வாரங்கள் ஊற்றிவிட்டீர்கள் என்றால், தொட்டி நீரை ஐசிபி பரிசோதனை (நீரில் உள்ள தனிமங்களை அளப்பது) செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய இடம் இது. கன உலோகங்களை வீட்டுக் கிட் காட்டாது.

## காரக் கரைசலில் பொடி கரையவில்லை

முதலில் டப்பாவின் பெயரைப் படியுங்கள். சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் அமில உப்பும் மாவும் உண்டு. நீரில் போட்டதும் நுரைத்துக்கொண்டு கலங்கி நிற்கும். அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சுடாத சோடாவா? 20 டிகிரி செல்சியஸில் 1 லிட்டர் நீர் 96 கிராமுக்கு மேல் கரைக்காது. குளிர்ந்த அறையில் இன்னும் குறைவு. 80 கிராமுக்கு மேல் போட்டிருந்தால் எவ்வளவு கலக்கினாலும் பயனில்லை. நீரைக் கூட்டி, அதற்கேற்ப ஊற்றும் அளவையும் கூட்டுங்கள். வெதுவெதுப்பான நீர் கரைவதை விரைவுபடுத்தும். சூடாக்கும்போது கொஞ்சம் வாயு வெளியேறினாலும் காரத்தன்மை குறையாது, பிஹெச் மட்டும் சற்று ஏறும்.

சுட்ட சோடாவா? மூன்று வாய்ப்புகள்.

பொடியை மொத்தமாகக் கொட்டியதால் கல்லாக இறுகிவிட்டிருக்கலாம். இதுதான் அடிக்கடி நடப்பது. வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு நசுக்கினால் கரைந்துவிடும். அடுத்த முறை நீரைச் சுழற்றிக்கொண்டே தூவுங்கள்.

சரியாகச் சுடாமல் இருக்கலாம். 160 கிராம் சமையல் சோடா முழுமையாகச் சுட்டால் சுமார் 101 கிராமாக இறங்கும். தட்டோடு எடை போட்டுப் பாருங்கள். 120 கிராம் காட்டுகிறது என்றால் இன்னும் சோடாவாகவே மிச்சம் இருக்கிறது. மெல்லிய அடுக்காகப் பரப்பி, 150 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஸ்டீல் தட்டோ கண்ணாடித் தட்டோ போதும். அலுமினியம் வேண்டாம், காரம் அதை அரிக்கும்.

கலந்தபோது தெளிவாக இருந்து, பிறகு அடியில் கண்ணாடி போன்ற படிகங்கள் தோன்றினால், அறை குளிர்ந்துவிட்டது. சோடியம் கார்பனேட்டின் கரைதிறன் குளிரில் வேகமாகச் சரியும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் நிறுத்திக் குலுக்கினால் படிகங்கள் திரும்பக் கரையும். படிகம் அடியில் இருக்கும்போது மேலே உள்ள நீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் வலிமை குறைவு.

## ஊற்றும்போது தொட்டியில் வெண்மேகம் எழுகிறது

எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். முடிவெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சில நொடிகளில் மறைகிறது: சுட்ட சோடாக் கரைசல் விழும் இடத்தில் பிஹெச் ஒரு கணம் தாவுவதால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளைப் புகை போல எழுந்து உடனே கரைந்துவிடுகிறது. தீங்கில்லை. ஓட்டம் பலமாக உள்ள இடத்தில், மெதுவாக விடுங்கள்.

நிமிடக் கணக்கில் நிற்கிறது, மணல் மேல் தூளாகப் படிகிறது: கார்பனேட் உருவாகிறது. இந்த வரிசையில் பாருங்கள். இரு கரைசல்களும் அருகருகே விழுகின்றனவா? இடத்தைப் பிரியுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக உடனே ஊற்றுகிறீர்களா? இடையில் குறைந்தது 15 நிமிடம் விடுங்கள். அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. மொத்த அளவையும் ஒரே வேளையில் ஊற்றுகிறீர்களா? நான்காகப் பிரியுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் மேகம் எழுந்தால் மெக்னீசியத்தை அளந்து பாருங்கள். அது 1250 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் கார்பனேட் எளிதில் உறைந்து பிரியும். 100 லிட்டரில் 100 பிபிஎம் மெக்னீசியம் உயர்த்த மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் சுமார் 84 கிராம் வேண்டும். அதைச் சில நாட்களில் பிரித்துச் சேருங்கள்.

தொட்டி முழுவதும் பால் போல ஆகிவிட்டது: ஊற்றுவதை நிறுத்துங்கள். மோட்டார்களையும் ஸ்கிம்மரையும் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி) நிறுத்தாதீர்கள். பஞ்சு வடிகட்டி போட்டு அடிக்கடி மாற்றுங்கள். தூள் படிந்து நீர் தெளியப் பெரும்பாலும் ஒரு நாள் பிடிக்கும். இந்த நேரத்தில் காரத்தன்மை சரிந்திருக்கும். அதைப் பார்த்துப் பதறி மறுபடியும் ஊற்றுவதுதான் சேதத்தைப் பெரிதாக்குகிறது, ஏனென்றால் மிதக்கும் தூளின் மேலேயே புதிதாக ஊற்றியதும் படியும். தெளிந்த பிறகு அளந்து, நாளொன்றுக்கு 1 டிகேஎச்சுக்கு மிகாமல் ஏற்றுங்கள். ஹீட்டரையும் மோட்டார் சுழலியையும் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். சூடான பரப்பில்தான் முதலில் ஓடு கட்டும். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன என்றால், தெளியும்வரை காத்திருக்காமல் அனுபவமுள்ள தொட்டிப் பராமரிப்பாளரையோ நீர்வாழ் உயிரின மருத்துவரையோ அழையுங்கள்.

## தினமும் ஊற்றியும் காரத்தன்மை ஏறவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பவளம் அதிகம் உண்கிறது என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது அது.

முதல் சோதனை, சோதனைக் கிட். காலாவதித் தேதியைப் பாருங்கள். சொட்டுமருந்துப் புட்டியைச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டு விடுங்கள். சாய்த்தால் சொட்டின் பருமன் மாறும்.

இரண்டாவது, புட்டியின் வலிமை. செலவில்லாத இந்தச் சோதனையை ஒவ்வொரு முறை புதிதாகக் கலக்கும்போதும் செய்யலாம். ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மி.லி. காரக் கரைசலை எடுத்து 1 லிட்டர் ஆர்ஓ நீரில் விட்டு நன்றாகக் கலக்குங்கள். அந்த நீரை உங்கள் கிட்டில் அளந்து பாருங்கள். அடர் கலவை என்றால் 5.3 டிகேஎச், இளங்கலவை என்றால் 2.7 டிகேஎச் வர வேண்டும். அரைப் புள்ளி முன்பின் இருந்தால் கிட்டும் சரி, புட்டியும் சரி; இரண்டையும் ஒரே சோதனையில் பார்த்துவிட்டீர்கள்.

அடர் கலவை 3.3 அல்லது 4 என்று காட்டினால், பொடியை எப்போது எடை போட்டீர்கள் என்று யோசியுங்கள். சுட்ட பிறகு 101 கிராம் எடை போடுகிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது: சரியாகச் சுடாத பொடியில் அதே 101 கிராமுக்குக் காரம் குறைவு. சிறிதும் சுடவில்லை என்றால் முழு வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். ஆகவே நான் எல்லாருக்கும் சொல்வது, சுடும் முன் 160 கிராம் எடை போட்டு, சுட்டதில் ஒரு துகள் விடாமல் முழுவதையும் ஒரு லிட்டரில் கரைத்துவிடுங்கள். அப்போது சுடுவதில் குறை இருந்தாலும் காரத்தின் கணக்கு மாறாது. கரைவதற்கு மட்டும் தாமதமாகும். சோடா ஆஷ் (கடையில் கிடைக்கும் சோடியம் கார்பனேட்) வாங்கிப் பயன்படுத்தினால் 101 கிராம் சரிதான், ஆனால் டப்பா இறுக மூடியிருக்க வேண்டும். சலவைச் சோடாப் படிகம் என்றால் அதன் எடையில் பாதிக்கும் மேல் நீர், கணக்கே வேறு. வாசனை, நிறம் சேர்த்ததாக இருந்தால் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பம்ப். டோசிங் பம்பை (கரைசலைத் தானாக அளந்து விடும் பம்ப்) 10 மி.லி.க்கு இயக்கி அளவுக்குழாயில் பிடியுங்கள். 7 மி.லி.தான் வருகிறது என்றால் உள்ளே உள்ள ரப்பர்க் குழாய் தேய்ந்துவிட்டது. குழாயை மாற்றி, மறுபடி அளவு திருத்துங்கள். புதுக் குழாய் போட்டும் அளவு நிலையாக வரவில்லை என்றால் பம்பைப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

நான்காவது, தொட்டிக்குள்ளேயே வீணாவது. ஹீட்டரில் வெள்ளை ஓடு, மோட்டாரில் வெள்ளை ஓடு, மணல் கட்டியாகிறது என்றால் நீங்கள் ஊற்றுவதில் ஒரு பங்கு பாறையாகிக்கொண்டிருக்கிறது. மேலே வெண்மேகத்துக்குச் சொன்ன வரிசையைப் பின்பற்றுங்கள்.

இந்த நான்கும் சரி என்றால் பவளம் உண்கிறது என்று ஏற்கலாம். இரண்டு நாட்கள் ஊற்றாமல், ஒரே நேரத்தில் அளந்து, எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 1 டிகேஎச் இறங்கினால், அடர் கலவையில் 38 மி.லி. தினசரி அளவு.

## ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது

காரத்தன்மை நிலையாக இருக்கிறது, கால்சியம் மட்டும் 440-லிருந்து 420-க்கு வந்துவிட்டது என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. கால்சியக் கிட்டில் 20 பிபிஎம் பிழை சாதாரணம். அந்த 20 பிபிஎம் கால்சியத்துக்கு இணையான காரத்தன்மை ஏறக்குறைய 3 டிகேஎச். அவ்வளவு மாறியிருந்தால் காரக் கிட் கத்திச் சொல்லியிருக்கும். எனவே தினசரி அளவைக் காரத்தன்மையை வைத்தே முடிவு செய்யுங்கள். கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மூன்று வாரங்களாகத் தொடர்ந்து ஒரே திசையில் நகர்கிறது என்றால் மட்டும் தேடுங்கள்.

கால்சியம் இறங்கிக்கொண்டே போகிறது: பொடி ஈரம் இழுத்திருக்கும். கால்சியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து ஒட்டும் கூழாகிவிடும். நீங்கள் எடை போடும் 140 கிராமில் ஒரு பகுதி வெறும் நீர். உறுதிசெய்ய, புதிதாகக் கலந்த 1 லிட்டர் உப்பு நீரில் கால்சியத்தை அளந்து, அதில் 5 மி.லி. அடர் கால்சியக் கரைசலை விட்டு மறுபடி அளங்கள். சுமார் 190 பிபிஎம் ஏற வேண்டும். 150 என்றால் பொடியை மாற்றுங்கள்.

கால்சியம் ஏறிக்கொண்டே போகிறது: உறையில் நீரற்ற கால்சியம் குளோரைடு என்று இருக்கிறதா? அதில் 106 கிராம்தான் போட வேண்டும். 140 கிராம் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிவிடும்.

இரண்டும் சரி, ஆனாலும் விலகுகிறது என்றால், நீர் மாற்றும் உப்பில் கால்சியமும் காரத்தன்மையும் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். விலகலைத் தனியாக ஒருமுறை திருத்திவிட்டு, தினசரிச் சம அளவுக்கே திரும்புங்கள்.

கால்சியம், மெக்னீசியம் இரண்டுமே ஒருசேரக் குறைவாகக் காட்டினால் உப்பளவைப் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவி) வெறும் நீரில் மட்டும் திருத்தியிருந்தால் 35 என்று காட்டுவது உண்மையில் 32 ஆக இருக்கலாம். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) திருத்தக் கரைசலில் சரிபார்த்த பிறகே வேறு எதையும் தொடுங்கள்.

## பிஹெச் எல்லை தாண்டுகிறது

8.5-க்கு மேல் போகிறது: சுட்ட சோடாவைப் பகலில், விளக்கு எரியும்போது ஊற்றுகிறீர்கள். இரவுக்கு மாற்றுங்கள், சிறு பங்குகளாகப் பிரியுங்கள். போதவில்லையென்றால் சுடாத இளங்கலவைக்கு மாறுங்கள். ஊற்றும் அளவு இரு மடங்கு.

7.8-க்குக் கீழே நிற்கிறது: பெரும்பாலும் மூடிய அறையின் கரியமில வாயு. சன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் தெரிந்துவிடும். ஏறினால் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டுங்கள். பிஹெச்சைத் தூக்கக் காரத்தன்மையை 12, 13 என்று ஏற்றுவது பவளத்தைத்தான் வாட்டும்.

## உப்பளவு மெல்ல ஏறுகிறது

கோளாறு இல்லை. கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குள் போன பிறகு சோடியம் குளோரைடு நீரில் மிஞ்சும். 300 லிட்டரில் அடர் கலவை தினமும் 50 மி.லி. வீதம் இரண்டும் ஊற்றினால் மாதத்துக்கு அரை பிபிடிக்குச் சற்று மேல் ஏறும். மாதம் ஒருமுறை அளந்து, கொஞ்சம் தொட்டி நீரை எடுத்து ஆர்ஓ நீர் விடுங்கள்.

## பவளத்தின் நுனி வெளுக்கிறது

ஆக்ரோபோரா என்ற கிளைவிடும் பவளத்தின் நுனியில் சதை கழன்று வெண்ணெலும்பு தெரிகிறது என்றால், கடந்த ஒரு வாரக் காரத்தன்மை அளவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் தாவியிருக்கிறதா? தாவலை நிறுத்துங்கள், தாவிய இடத்திலேயே நிலைநிறுத்தி, பிறகு மெல்ல இறக்குங்கள். அளவு நிலையாகவே இருக்கிறது, ஆனால் 10-க்கு மேல் என்றால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளங்கள். அவை பூச்சியத்தில் இருக்கும்போது உயர் காரத்தன்மை நுனியைச் சுடும். 7.5 முதல் 8.5 வரை இறக்கி வையுங்கள். மீன்களுக்குக் கூடுதலாகத் தீனி போடுங்கள்.

வெளுப்பு அடியிலிருந்து மேலே பரவுகிறது, மணிக்கணக்கில் கூடுகிறது என்றால் அதற்குக் காரணம் கரைசலாக இல்லாமலிருக்கலாம். நல்ல கிளைகளை வெட்டி வேறு இடத்தில் வைத்துவிட்டு அனுபவசாலியை நேரில் வரச் சொல்லுங்கள்.

## புட்டி முழுவதும் தொட்டியில் இறங்கிவிட்டது

200 லிட்டரில் 1 லிட்டர் அடர் காரக் கரைசல் விழுந்தால் காரத்தன்மை 26 டிகேஎச்சுக்கு மேல் ஏறும் கணக்கு. நடைமுறையில் பெரும்பகுதி உடனே வெண்தூளாகிவிடும். கால்சியக் கரைசலை ஊற்றிச் சமன் செய்யலாம் என்று நினைக்காதீர்கள், தூள்தான் கூடும். வினிகரும் வேண்டாம். காற்றுக்குழாயைப் போட்டு நீரைக் கலக்கிவிடுங்கள், பிஹெச் இறங்க அது உதவும். அதே உப்பளவும் அதே வெப்பமும் உள்ள புது உப்பு நீரைத் தயாரித்து மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். சில மணி நேரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் மறுபடி மாற்றுங்கள். பிஹெச் 9-ஐத் தாண்டி நிற்கிறது, அல்லது மீன்கள் சாய்கின்றன என்றால் இந்த வேலையைத் தொடர்ந்துகொண்டே மருத்துவரையோ பராமரிப்பாளரையோ கூப்பிடுங்கள். கால்சியக் கரைசல் மட்டும் இறங்கியிருந்தால் ஆபத்து குறைவு. நீர் மாற்றிவிட்டு, கால்சியம் 450-க்கு வரும்வரை அந்தப் புட்டியை மட்டும் நிறுத்துங்கள்.

காரணம் பெரும்பாலும் குழாய் முனை. புட்டி தொட்டியைவிட உயரத்தில் இருந்து, முனை நீருக்குள் மூழ்கியிருந்தால், பம்பின் பிடி தளர்ந்த அன்று புட்டி தானாகவே வடிந்துவிடும். புட்டியைக் கீழே இறக்குங்கள், முனையை நீர்மட்டத்துக்கு மேல் நிறுத்துங்கள், ஒரு வாரத்துக்குத் தேவையானதைவிட அதிகமான கரைசலைப் பம்போடு இணைக்காதீர்கள். முனையில் வெண்பூ கட்டினால் வினிகரில் கழுவி, நன்றாக அலசி மாட்டுங்கள். கரைசல் பம்பின் மின்செருகியில் சிந்தியிருந்தால் ஈரக் கையால் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்து மின்பணியாளரை வரவழையுங்கள். காரக் கரைசல் கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டு, நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.